பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு: 2025 ஆகஸ்ட் 15 கிராம சபையில் எப்படிக் கேட்பது?

கீழத்தெரு

எல்லாருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது, 1,800 பேர் இருப்போம். ஊர் பெயர் வேண்டாம், யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் முதலில் ஜல்லி ரோடு இருந்தது, அப்புறம் இரண்டு தடவை சிமெண்ட் ரோடு போட்டார்கள். இப்போது மூன்றாவது சிமெண்ட் ரோடு வருகிறது என்று பேச்சு. ஒவ்வொரு தடவையும் பழையதை எடுப்பதே இல்லை, அதன் மேலேயே கொட்டி மட்டம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தாத்தா இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வரவேண்டும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இரண்டு படி இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். இன்றைக்குத் தெருவும் வாசலும் ஒரே மட்டம். இன்னும் அரை அடி ஏறினால் நாங்கள் வீட்டுக்குள் இறங்கித்தான் போகவேண்டும்.

போன மழைக்கு அம்மா என்ன செய்தார் தெரியுமா, கொல்லையிலிருந்து களிமண் அள்ளி வந்து நிலைப்படிக்கு முன்னால் வரப்பு கட்டினார். வயலில் அண்டை வெட்டி வரப்பு பூசுகிற அதே கைப்பக்குவம், அதே மண்வெட்டி. உள்ளே நெல் மூட்டையும் மாவு மெஷினும் கட்டில் மேல். தெருவில் 22 வீடு, அதில் 14 வீட்டுக்கு இதே கதி.

ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழையதை உடைத்து எடுத்துவிட்டுப் போடுங்கள் என்கிறேன். போன மாதம் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டதற்கு, எஸ்டிமேட் எல்லாம் மேலே போய்விட்டது, இனிமேல் ஒன்றும் செய்யமுடியாது என்றார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. அங்கே என்ன கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுவீடு

தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் நாலு பேர் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். வேலை நின்றது. அந்த வருஷப் பணம் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் அந்தத் தெருவில் குண்டும் குழியும்தான். மனு கொடுத்தவர்களை ஊரே இன்றைக்கும் திட்டுகிறது. வருகிற ரோட்டை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள்.

பழைய ஓவர்சியர்

ஊரக வளர்ச்சித் துறையில் பணிமேற்பார்வையாளராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தப்பில் எங்கள் பங்கும் உண்டு, அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பழைய ரோட்டை எடுக்காமல் போடுவதற்கு முக்கியமான காரணம், உடைத்து அள்ளுவது என்ற வேலையே மதிப்பீட்டில், அதாவது எஸ்டிமேட்டில், இருப்பதில்லை. தார் ரோடு என்றால் சுரண்டி எடுக்க மெஷின் இருக்கிறது. 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு அதே கனத்துக்குத்தான் புதிதாகப் போடவேண்டும், வீடுகளின் மட்டத்துக்கு மேல் சாலை உயரக்கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். நல்ல உத்தரவு. ஆனால் சிமெண்ட் ரோட்டைச் சுரண்ட முடியாது, பிரேக்கர் வைத்து உடைக்கவேண்டும், உடைத்ததை டிராக்டரில் ஏற்றி எங்கேயாவது கொட்டவேண்டும், அதற்குக் கூலியும் டீசலும் யார் தருவது? மதிப்பீட்டில் அந்த வரி இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் கைக்காசு போட்டுச் செய்யமாட்டார். அவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. வரியைச் சேர்க்கவேண்டிய இடம் மதிப்பீடு, அதைத் தயாரிக்கிற நேரம்.

இன்னொன்று, இதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். பழைய ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும், தண்ணீர் வடியட்டும் என்று அப்படித்தான் போடுவோம். அதன் மேல் புதிதாகப் போடும்போது ஓரத்தில் பலகை அடைத்து 15 செ.மீ. காட்டுவார்கள். அளக்க வருகிறவர் ஓரத்தில்தான் அளப்பார், வேலை அளவைப் பதிகிற எம் புக்கில் 15 என்று ஏறும். நடுவில் 9-தான் இருக்கும், 10-தான் இருக்கும். அதனால்தான் இரண்டு வருஷத்தில் நடுவில் நீளவாக்கில் விரிசல் விடுகிறது. பழையதை எடுத்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

உங்கள் தெருவை வைத்தே சொல்கிறேன். நீளம் 120 மீட்டர், அகலம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கனம் 15 செ.மீ. என்றால் 54 கனமீட்டர் கான்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் கனமீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும், மொத்தம் 432 மூட்டை. சராசரி கனம் 10 செ.மீ.தான் விழுந்தது என்றால் 288 மூட்டையோடு முடிந்துவிடும். மீதி 144 மூட்டையை யோசித்துப் பாருங்கள். வேலை நடக்கும்போது தெருவில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து காலி சாக்கை எண்ணினாலே போதும்.

வார்டு நாலு அக்கா

2019 டிசம்பர் தேர்தலில் நின்று ஜெயித்து, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரை வார்டு உறுப்பினராக இருந்தேன். உறுப்பினராக இருந்து நான் தெரிந்துகொண்ட பெரிய பாடம், தீர்மானப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

கிராம சபையில் பொருளை வாசிப்பார்கள், நாம் கை தட்டுவோம், ஆனால் அப்போது தீர்மானத்தை எழுதி முடித்திருக்கமாட்டார்கள். வருகைப் பதிவில் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து நிதானமாக எழுதுவார்கள். எங்கள் ஊரில் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் முழுக்க நானும் மற்றவர்கள் மாதிரி போட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது வருஷம்தான், எழுதி முடியுங்கள், வாசியுங்கள், அப்புறம் போடுகிறேன் என்று உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் ஆனது. எல்லாரும் முறைத்தார்கள். ஆனால் அன்றைக்கு எழுதியதை யாராலும் மாற்றமுடியவில்லை.

உங்கள் ஊரில் 1,800 பேர் என்றால் கிராம சபைக்கு 100 பேர் வரவேண்டும் (500 வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300). அந்த நூறு சேராவிட்டால் கூட்டமே செல்லாது. ஆகவே உங்கள் தெருவிலிருந்து ஒரு 40 பேரைக் கூட்டிக்கொண்டு போனால் உங்கள் பேச்சை ஒதுக்கிவிட முடியாது. முக்கியமாகப் பெண்களை அழைத்துப் போங்கள், வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைத்து ஊற்றுகிறவர்கள் அவர்கள்தான்.

இப்போது உங்கள் மாவட்டத்தில் தலைவர் கிடையாது, 2025 ஜனவரி 5-க்குப் பிறகு தனி அலுவலர்தான். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே ஒன்றியத்தில் உள்ள எல்லா ஊராட்சிக்கும் தனி அலுவலர், முப்பது நாற்பது ஊர் இருக்கும். அவரால் எல்லாக் கூட்டத்துக்கும் வரமுடியாது, பற்றாளர் என்று ஒரு அலுவலரை அனுப்புவார்கள். அவருக்கு உங்கள் தெருவே தெரியாது. அதனால் வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கத்தார் வாசி

வெளிநாட்டில் இருப்பவன், கூட்டத்துக்கு வரமுடியாது. என்னால் முடிந்தது இது. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் வருடாந்திரத் திட்டத்தையும் எந்த வேலைக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதையும் கடவுச்சொல் எதுவும் இல்லாமலே பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள். மத்திய நிதிக்குழு பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வருகிற மானியப் பணம் அதில் தெரியும். எங்கள் ஊரில் குடிநீர்க் குழாய் பழுதுபார்த்ததாக இருந்த ஒரு செலவை அப்படித்தான் கண்டுபிடித்துக் கேட்டோம்.

மதகு

எல்லாரும் ரோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. வாய்க்கால் இல்லாத தெருவில் எந்த உயரத்தில் ரோடு போட்டாலும் தாழ்வான வீட்டுக்குள்தான் வரும். முதலில் வாய்க்கால், அப்புறம்தான் ரோடு. 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்த பணம், கழிவுநீர் வாய்க்காலையும் உறிஞ்சுகுழியையும் அதில் கேட்கலாம். ரோட்டுப் பணத்தைத் தொடவே வேண்டியதில்லை.

வாய்க்கால் கட்ட நிறையச் செலவாகும் என்பார்கள். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, கிரானைட் பாலிஷ் போடும் தொழிற்சாலைகளில் கழித்துப்போட்ட கற்களைக் கொண்டுவந்து குறைந்த செலவில் வாய்க்கால் கட்டினார். விதிப்படி செய்யவில்லை என்று அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள், கிராம சபை அவர் பக்கம் நின்றது, மறுபடி வந்தார். ஊர் கூடி நின்றால் இப்படியும் நடக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாய்க்காலைக் கொண்டுபோய் ஏரியில் விடாதீர்கள். எங்கள் ஊரில் விட்டார்கள், பத்து வருஷத்தில் மதகுப் பக்கம் முழுக்க ஆகாயத்தாமரை. மாடு கூட அந்தத் தண்ணீரில் வாய் வைப்பதில்லை.

வடக்குக் காலனி

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது, எழுதிவிடுகிறேன்.

நீங்கள் மூன்றாவது சிமெண்ட் ரோட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் காலனியில் முதல் ரோடே இன்னும் வரவில்லை. மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற இடத்தில் 30 மீட்டர் மட்டும் சிமெண்ட் இருக்கிறது, அதற்கு மேல் மண். ஃபெஞ்சல் புயல் வந்தபோது முழங்கால் வரை சேறு. என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மழைக்காலம் முழுக்க ஷூவைக் கவரில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்து போவாள், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அடிபம்பு இருக்கிறது, அங்கே காலைக் கழுவி, பாவாடை நுனியைப் பிழிந்துவிட்டு, அப்புறம்தான் ஷூ போடுவாள். காலனிப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். பஸ் டிரைவருக்கு இது தெரியும், அந்த இரண்டு நிமிஷம் நிறுத்துவார்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரே ஊராட்சியில் ஒரு தெருவுக்கு மூன்றாவது தடவை போடும்போது இன்னொரு தெருவுக்கு ஒரு தடவை கூட ஏன் வரவில்லை? கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். உங்கள் தெருவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த நிதி?

கீழத்தெரு

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குப் பதில் எழுத வரவில்லை. எங்கள் ஊரிலும் ஒரு காலனி இருக்கிறது, அங்கேயும் இதே நிலைமைதான். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறபோது தினம் அந்த மண் ரோட்டைத் தாண்டித்தான் போகிறேன். தினம் பார்த்தும் என் பதிவில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அது என் தப்பு.

நேற்று அங்கே போய்ப் பேசினேன். எங்கள் தெரு ரோட்டுக்கு ஒதுக்கியிருக்கிற தொகையில் காலனி ரோடு கிட்டத்தட்ட முழுதாக முடியும்போல. எங்கள் தெருவுக்கு உண்மையில் வேண்டியது வாய்க்கால்தான், பழைய சிமெண்ட் ரோடு இன்னும் ஐந்து வருஷம் தாங்கும். ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். ஒரு வேலைக்கு ஒதுக்கியதை இன்னொரு வேலைக்கு மாற்றமுடியுமா?

பழைய ஓவர்சியர்

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று வரிசையாகப் போகும். பணி ஆணை கொடுத்துவிட்டால் ரொம்பக் கஷ்டம். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால் என்றால் முடியும், ஆனால் புது வேலைக்கு புது மதிப்பீடும் கிராம சபைத் தீர்மானமும் வேண்டும். மேலே போய்விட்டது என்று உங்களிடம் சொன்னதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒன்றிய அலுவலகத்தில் பொறியியல் பிரிவுக்கே போய் எந்தக் கட்டம் என்று கேளுங்கள்.

சொல்லமாட்டேன் என்றால் 10 ரூபாயோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வரவேண்டும். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும் போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும் கூட உரிமை இருக்கிறது. நிறையப் பேர் காகிதம் மட்டும்தான் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேட்டுவீடு

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. மாற்றப் போய் இரண்டு தெருவுக்கும் இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எங்கள் ஊரில் நிறுத்து என்று மட்டும்தான் மனுக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக எது வேண்டும் என்று எழுதவே இல்லை. நீங்கள் மாற்று வேலையையும் அதே மனுவில் எழுதுகிறீர்கள். அப்படியானால் போய்க் கேளுங்கள் தம்பி. பெயர், நீளம், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெளிவாக எழுதுங்கள்.

வார்டு நாலு அக்கா

தம்பி, இதைக் காலனிக்காரர்களும் உங்கள் தெருக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே மனுவாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டு தரப்புக்கும் சண்டை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று சொல்லித் தள்ளிவைப்பார்கள். நான் அப்படி ஒரு தடவை தோற்றிருக்கிறேன்.

கீழத்தெரு

கிராம சபை முடிந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

பணி ஆணை இன்னும் கொடுக்கவில்லை என்பது 11-ம் தேதியே ஒன்றிய அலுவலகத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் 14 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், எட்டு வீட்டுக்காரர்கள் போடவில்லை. அந்த எட்டும் மேட்டுப் பக்கத்து வீடுகள், அவர்களுக்குப் புது ரோடு வந்தால் நஷ்டம் எதுவும் இல்லை. என் சித்தப்பா அதில் ஒருவர். நம் தெருவுக்கு வந்ததைத் தூக்கி அவனுங்களுக்குக் கொடுக்கிறாயா என்று தெருவில் வைத்தே கேட்டார். நான் பதில் பேசவில்லை. அம்மாதான், போன மழையில் உன் வீட்டுக்கா தண்ணீர் வந்தது என்று கேட்டார். அன்றிலிருந்து சித்தப்பா வீட்டோடு பேச்சு இல்லை.

பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். 140 பேருக்கு மேல் வந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். பற்றாளர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். மதிப்பீட்டை வாசிக்கச் சொன்னோம். முதலில் கையில் இல்லை என்றார்கள், பிறகு செயலர் பைக்கில் போய் எடுத்து வந்தார். ஓவர்சியர் ஐயா சொன்னது அப்படியே, பழைய சாலையை உடைத்து அகற்றுவது என்ற வரி அதில் இல்லை. காலனியிலிருந்து ஒரு அம்மா எழுந்து, எங்களுக்கு ரோடு என்று போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் தீர்மானம் எழுதினீர்களே, அந்தப் பக்கத்தைப் படியுங்கள் என்றார். படித்தார்கள். இரண்டு தடவையும் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கீழத்தெருவில் வாய்க்கால், காலனியில் சாலை, அதற்குப் புதிய மதிப்பீடு என்று தீர்மானம் எழுதினார்கள். அக்கா சொன்ன மாதிரி எழுதி முடித்து வாசிக்கும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மணி இரண்டாகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டோம். தொகை அதே தொகையாக மாறுமா என்பது தனி அலுவலர் கையில்தான் இருக்கிறது, பற்றாளர் உறுதி எதுவும் கொடுக்கவில்லை.

நேற்று உதவிப் பொறியாளர் காலனிக்கு வந்து டேப் பிடித்தார், 135 மீட்டர். வெள்ளிக்கிழமை மட்டம் பார்க்க வருகிறாராம். நானும் காலனிப் பையன்கள் மூன்று பேரும் கூட இருப்போம். ஐயா, அப்போது எதைக் கவனிக்கவேண்டும்?

வடக்குக் காலனி

தம்பி, படித்துவிட்டு மகளிடமும் காட்டினேன். எங்கள் ஊரிலும் அக்டோபர் 2-ம் தேதிக் கூட்டத்துக்குப் பழைய தீர்மானங்களின் நகல் கேட்டு இன்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒப்புகை வாங்கிவிட்டேன்.

பழைய ஓவர்சியர்

நல்லது. வெள்ளிக்கிழமை இரண்டு விஷயம் பாருங்கள். ரோட்டின் முடிவு மட்டம் எங்கே வருகிறது என்று கேட்டு, காலனியிலேயே தாழ்வான வீட்டின் நிலைப்படியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ரோடு அதற்கு ஒரு சாணாவது கீழே இருக்கவேண்டும். மண் ரோடுதானே, தோண்டிக் கீழே இறக்குவது சுலபம், அதை இப்போதே மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டுச் சுவரில் அந்த மட்டத்துக்குப் பெயிண்டில் கோடு போட்டு வையுங்கள். வேலை நடக்கும்போது கோட்டைத் தாண்டினால் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

அடுத்தது, போட்ட ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட், குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்கவேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். ஒப்பந்ததாரர் மூன்றாம் நாளே டேங்கரை நிறுத்திவிடுவார். காலனியில் எந்தக் குழாயிலிருந்து எடுப்பது, எந்த நாள் எந்த வீட்டுக்காரர் ஊற்றுவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.